அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே மறதிநோய், வேகம் மட்டும் வேறு: மரபணுதான் காரணமா?

கோலார்மகள் (அல்சூர், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு இப்போது 71 வயது. பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப். அறுபத்தேழாவது வயதில் மறதி தொடங்கியது. இங்கே ஒரு நரம்பியல் மருத்துவர் பரிசோதித்து அல்சைமர் என்று சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னபோது பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, மிச்சமிருந்த பாதி வட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆனால் இன்றைக்கும் புடவைக் கொசுவத்தைத் தானே மடித்துச் செருகிக்கொள்கிறார், தன் கையால் சாப்பிடுகிறார், என் பெயரைச் சரியாகச் சொல்கிறார். நான்கு ஆண்டுகளில் நோய் மெதுவாகத்தான் நகர்ந்திருக்கிறது.

அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு 76 வயது வரை ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு மறதி தொடங்கி, நான்கே ஆண்டுகளில் படுத்த படுக்கையாகி இறந்துபோனார். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இருவருக்கும் ஒரே நோய் வந்து, ஒருவருக்கு இவ்வளவு வேகமாகவும் மற்றவருக்கு இவ்வளவு மெதுவாகவும் போவதற்குக் காரணம் மரபணுவா? நோயை வேகப்படுத்தும் மரபணு என்று தனியாக ஒன்று உண்டா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எங்கள் வீட்டில் சொந்தத்திலேயே சம்பந்தம் செய்யும் வழக்கம் உண்டு. அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். அதனால் எனக்கும் என் தம்பிக்கும் ஆபத்து கூடுதலா? இணையத்தில் விற்கும் எச்சில் பரிசோதனைப் பெட்டியை வாங்கிப் பார்த்துவிடலாம் என்று தம்பி சொல்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் ஒப்பவில்லை என்பதை அவனிடம் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகத்தான் (யஷ்வந்த்பூர்)

சகோதரி, மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன், மருத்துவன் அல்லன். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருப்பதாக எனக்குப் படுகிறது. நோய் எப்போது தொடங்குகிறது என்பது ஒன்று, தொடங்கிய பிறகு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது மற்றொன்று. மரபணுக்களைப் பற்றி இன்று நமக்கு உறுதியாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி முதல் கேள்விக்கான விடைதான்.

முதலில், தவறாமல் நோயைக் கொண்டுவரும் மரபணு மாற்றங்கள். இருபத்தோராவது குரோமோசோமில் உள்ள ஏ.பி.பி., பதினான்காவதில் உள்ள பிரிசெனிலின்-1, முதலாவதில் உள்ள பிரிசெனிலின்-2 ஆகிய மூன்றும் இந்த வகை. பெற்றோரில் ஒருவரிடம் இத்தகைய மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கு ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு; வந்துவிட்டால் முப்பதுகளிலிருந்து ஐம்பதுகளுக்குள் நோய் தலைகாட்டுவதே பெரும்பாலும் வழக்கம். ஆனால் மொத்த அல்சைமர் நோயாளிகளில் இவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 67, 76 வயதுகளில் தொடங்கியதை வைத்துப் பார்த்தால் உங்கள் குடும்பம் இந்த வகையில் சேராது என்றே தோன்றுகிறது.

அடுத்தது ஏ.பி.ஓ.இ. என்ற மரபணு. இது பத்தொன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. உடலில் கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை உருவாக்குகிறது. இ2, இ3, இ4 என்று இதற்கு மூன்று வடிவங்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஆளுக்கு இரண்டு பிரதிகள் இருக்கும். இ4 வடிவத்துக்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோஸஸ் தலைமையிலான குழு 1993-இல் வெளியிட்டது. இ4 ஒரு பிரதி இருந்தால் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. இரண்டு பிரதிகள் இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். இ2 வடிவமோ ஓரளவு காப்பாற்றுகிறது. இந்த மடங்குக் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அரியானாவின் பல்லப்கரில் நடந்த ஆய்வில் இ4 வடிவம் அமெரிக்காவின் ஒப்பீட்டுப் பகுதியைவிடக் குறைவாகவே மக்களிடம் இருந்தது. ஆனால் இ4-க்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு இரண்டு இடங்களிலும் ஒரே அளவில்தான் இருந்தது.

இ4 செய்யும் முக்கிய வேலை, நோயை முன்கூட்டியே தொடங்கி வைப்பது. அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதம் படிவது இ4 உள்ளவர்களிடம் பல ஆண்டுகள் முன்னதாகவே ஆரம்பிக்கிறது. அந்தப் படிவை வெளியேற்றும் வேலையும் அவர்களிடம் மந்தமாகிறது. லேசான மறதி நிலையில் இருப்பவர் முழு டிமென்ஷியாவுக்கு, அதாவது அன்றாட வேலைகளே தடுமாறும் மறதிநோய் நிலைக்கு, போகும் வாய்ப்பையும் இ4 கூட்டுகிறது. ஆனால் டிமென்ஷியா நிலையை அடைந்த பிறகு அது வேகத்தைக் கூட்டுகிறதா என்று பார்த்தால், ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எலிகளில் டவ் என்ற புரதத்தால் ஏற்படும் நரம்புச் சேதத்தை இ4 மோசமாக்குவதை 2017-இல் காட்டினார்கள். மனிதர்களிடம் அவ்வளவு தெளிவான விளைவு கிடைக்கவில்லை. எனவே, பெரியம்மாவிடம் வேகமான மரபணு இருந்தது, அம்மாவிடம் இல்லை என்று முடிவு கட்ட ஆதாரம் போதாது.

இந்தத் துறையில் என்னை மிகவும் பாதித்த ஒரு சான்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. கொலம்பியாவின் அந்தியோக்கியா பகுதியில் பிரிசெனிலின்-1 மாற்றம் தலைமுறை தலைமுறையாக ஓடும் ஒரு பெரிய உறவுக்கூட்டம் இருக்கிறது. மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபேரா தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர்களுக்காகவே செலவிட்டார். அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு 44 வயதை ஒட்டி மறதி தொடங்கி, 49 வாக்கில் டிமென்ஷியா ஆகிவிடும். அவர்களில் ஒரு பெண்மணிக்கு மட்டும் எழுபதுகள் வரை மறதி வரவே இல்லை என்று 2019-இல் எழுதினார்கள். அவருடைய மூளையில் அமிலாய்டு ஏராளமாக இருந்தது, டவ் மட்டும் குறைவாக இருந்தது. அவருடைய ஏ.பி.ஓ.இ. மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் கிறைஸ்ட்சர்ச் என்று பெயரிடப்பட்ட அரிய மாற்றம் இருந்தது. அதே மாற்றம் ஒரு பிரதியில் மட்டும் உள்ள உறவினர்களுக்கு நோய் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தள்ளிப்போனதாக 2024-இல் தெரியவந்தது. அதே உறவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஓர் ஆணுக்கு ரீலின் என்ற வேறொரு மரபணுவின் மாற்றம் 67 வயது வரை காவலாக நின்றது. தவறாமல் நோயைக் கொண்டுவரும் மரபணு இருந்தும்கூட அதை மற்றொரு மரபணுவால் இருபது முப்பது ஆண்டுகள் தடுத்து நிறுத்த முடிகிறது என்றால், வருங்கால மருந்துக்கான வழி அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சொந்தத்தில் சம்பந்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் சொன்ன மூன்று மரபணுக்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை; அங்கே ஒரு பிரதியே போதும். இ4 விஷயத்தில் மட்டும், ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த பிரதி இருபக்கமும் இருக்கக்கூடும் என்பதால் பிள்ளைக்கு இரட்டை இ4 அமையும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. அதற்கு மேல் அஞ்ச வேண்டியதில்லை.

ஸ்ரீராமபுரம் சரசு

நான் படித்த மருத்துவரோ ஆராய்ச்சியாளரோ இல்லை அம்மா. என் வீட்டுக்காரரை டிமென்ஷியாவோடு கடைசி வரை வைத்துப் பார்த்துக்கொண்டவள். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றைக் கேட்கிறேன்: உங்கள் பெரியம்மாவுக்கு இடையில் வேறு ஏதாவது நடந்ததா? விழுந்தாரா, ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களா, சிறுநீர்த் தொற்று அடிக்கடி வந்ததா?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அவர் மெல்ல மெல்லத்தான் மறந்துகொண்டு வந்தார். ஒரு முறை நிமோனியா வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே இரவானால் கட்டிலிலிருந்து இறங்கி ஓடப் பார்த்தார், சுவரில் யாரோ நிற்பதாகச் சொன்னார், ஊசிக் குழாயைப் பிடுங்கிப் போட்டார். டிமென்ஷியா உள்ளவருக்குக் காய்ச்சலோடு இப்படிச் சித்தப்பிரமை வரும் என்று யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கட்டிலோடு கையைக் கட்டிவிட்டுத் தூக்க மருந்து கொடுத்தார்கள். வீடு திரும்பியபோது அவருக்கு நடக்க வரவில்லை. போகும்போது இருந்த மனிதர் வேறு, வந்த மனிதர் வேறு. அந்தச் சில நாட்களில் இழந்தது மறுபடி கிடைக்கவே இல்லை.

காது கேட்கிறதா, சுகர் கட்டுக்குள் இருக்கிறதா, தைராய்டும் பி12 சத்தும் பார்த்தார்களா, தூக்கத்துக்காகவோ சிறுநீர் அவசரத்துக்காகவோ கொடுக்கும் மாத்திரை எதுவும் மூளையை இன்னும் மந்தமாக்குகிறதா என்பதையெல்லாம் அம்மாவுக்கு ஒரு முறை பார்த்துவிடுங்கள். மரபணு எதுவாக இருந்தாலும் இவை நம் கையில் இருப்பவை.

கோலார்மகள் (அல்சூர்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சரசு அம்மா கேட்டதைப் படித்ததும் பெரியம்மாவின் மகனை அழைத்துக் கேட்டேன். நோய் தொடங்கி ஓராண்டுக்குள் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல நாட்கள் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறார். அப்போது எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையை அண்ணன் படம் பிடித்து அனுப்பினார். மூளையின் சிறு ரத்தக்குழாய்களில் பல இடங்களில் பாதிப்பு இருப்பதாக அதில் எழுதியிருக்கிறது. பெரியம்மாவுக்குப் பல ஆண்டுகளாகப் பிரஷர் இருந்தது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது இல்லை. அப்படியானால் பெரியம்மாவின் வேகத்துக்கு மரபணு காரணமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மரபணு ஆலோசகர், ஜெயநகர்

பெங்களூரில் மரபணு ஆலோசனை தருவதுதான் என் தொழில். கோப்புகளைப் பார்க்காமல் யாருக்கும் நோய் நிர்ணயம் சொல்ல இயலாது. பொதுவான நிலையை மட்டும் எழுதுகிறேன்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது, முழுக் காரணம் அதுதான் என்றும் சொல்ல முடியாது. எழுபதைத் தாண்டியவரின் மூளையில் பெரும்பாலும் ஒரே ஒரு நோய் இருப்பதில்லை. அல்சைமர் படிவுகளோடு ரத்தக்குழாய்ப் பாதிப்பும், லூயி உடல்கள் எனப்படும் புரதத் திரட்சியும், டி.டி.பி.-43 என்ற மற்றொரு புரதத்தின் படிவும் சேர்ந்து இருப்பது வழக்கம், எத்தனை சேர்கின்றனவோ அந்த அளவுக்குச் சரிவும் வேகமாகும். இவற்றில் சிலவற்றின் பின்னணியிலும் மரபணுக்கள் உண்டு, ஜி.பி.ஏ. மரபணு மாற்றம் லூயி உடல் நோய்க்கும், டி.எம்.இ.எம்.106பி. மரபணு டி.டி.பி.-43 படிவுக்கும் தொடர்புடையவை. ஆனால் உங்கள் பெரியம்மாவுக்கு நீண்டகாலப் பிரஷர், ரத்தக்குழாய்ப் பாதிப்பு, எலும்பு முறிவு, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சித்தக் குழப்பம் ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்திருக்கின்றன. அவர் போன வேகத்துக்கு இவையே பெருமளவு விளக்கம் தந்துவிடுகின்றன.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அவர் ஆசிரியையாக இருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். படிப்பும் மூளைக்கு வேலை தரும் தொழிலும் உள்ளவர்கள், உள்ளே நோய் முற்றிக்கொண்டிருந்தாலும் வெளியே நெடுநாள் சமாளித்துவிடுகிறார்கள். அணை நிரம்புவது கரைக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியாததைப் போன்ற நிலை அது. அறிகுறி வெளியே தெரியும்போது உள்ளே சேதம் ஏற்கெனவே அதிகமாக இருப்பதால், அதன் பிறகான சரிவு வேகமாகத் தெரிகிறது. பல ஆய்வுகளில் இது பதிவாகியுள்ளது. நாம் நான்கு ஆண்டுகள் என்று எண்ணுவது கண்ணுக்குத் தெரிந்த காலத்தை மட்டுமே.

இனி உங்கள் தம்பியின் யோசனை. உங்கள் தயக்கத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. பெற்றோரிடமிருந்து வரும் மரபணு என்பதால், அவருடைய முடிவு அவரோடு நிற்காது. அவருக்கு இரட்டை இ4 என்று வந்துவிட்டால், அம்மா அப்பா இருவரிடமும் குறைந்தது ஒரு இ4 இருப்பது உறுதியாகிவிடும். உங்களிடம் ஒன்றாவது இருப்பதற்கான வாய்ப்பு குறைந்தது எழுபத்தைந்து சதவீதம் ஆகிவிடும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்திருந்தாலும் அது உங்களை வந்து சேரும். திடகாத்திரமாக இருக்கும் உங்கள் அப்பாவையும் வந்து சேரும்.

முடிவு தெரிந்தவர்கள் மனம் உடைந்துபோகிறார்களா என்றால், முறையான ஆலோசனையோடு சொல்லப்பட்டவர்களுக்குப் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்று ராபர்ட் கிரீன் குழுவினரின் அமெரிக்க ஆய்வு 2009-இல் காட்டியது. ஆனால் 2014-இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், தமக்கு இ4 உண்டு என்று அறிந்த முதியவர்கள், அறியாத இ4 முதியவர்களைவிடத் தம் நினைவாற்றலைத் தாழ்வாக மதிப்பிட்டதோடு, நினைவுத் தேர்விலும் குறைவாகவே மதிப்பெண் பெற்றார்கள். இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். மேலும், இ4 இருந்தால் நோய் கட்டாயம் வரும் என்பதும் இல்லை, இல்லாவிட்டால் வராது என்பதும் இல்லை. இரட்டை இ4 உள்ளவர்களிலும் தெளிவான நினைவோடு எண்பதைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் மரபணு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டமும் இல்லை. காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளும்படிதான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன்.

ஏ.பி.ஓ.இ. பரிசோதனை உண்மையில் பயன்படும் இடம் வேறு. லெகனெமாப், டோனனெமாப் போன்ற அமிலாய்டு எதிர்ப்பு மருந்துகளைத் தொடங்குமுன் இதைப் பார்ப்பது அவசியமாகிவிட்டது. லெகனெமாப் பதினெட்டு மாதத்தில் சரிவை 27 சதவீதம் மட்டுப்படுத்தியது. ஆனால் மூளையில் நீர்வீக்கம் என்ற பக்கவிளைவு, இ4 இல்லாதவர்களில் 5.4 சதவீதத்தினருக்கும், ஒரு பிரதி உள்ளவர்களில் 10.9 சதவீதத்தினருக்கும், இரட்டை இ4 உள்ளவர்களில் 32.6 சதவீதத்தினருக்கும் வந்தது. இம்மருந்துகள் ஆரம்ப நிலைக்கு மட்டுமே உரியவை. அம்மாவுக்குப் பொருந்துமா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குடும்பத்தில் பரிசோதனை தேவை என்று எப்போதாவது முடிவானால், நோயுள்ளவரிடமிருந்து தொடங்குவதே முறை. அம்மாவால் முழுமையாகச் சம்மதம் தர இயலாத நிலையில், அவருடைய சிகிச்சைக்குப் பயன்படாத ஒரு பரிசோதனையைச் செய்வதை நான் ஆதரிப்பதில்லை.

ஆய்வகத்தான் (யஷ்வந்த்பூர்)

ஆலோசகர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஹைதராபாத்தின் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து, இருமொழி பேசுபவர்களுக்கு நோய் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியதாக சுவர்ணா அல்லாடியின் குழு 2013-இல் எழுதியது. எழுத்தறிவில்லாதவர்களிடமும் அந்தத் தாமதம் இருந்தது என்பதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது. தங்கவயலில் வளர்ந்தவருக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தண்ணீர்பட்ட பாடாக இருந்திருக்கும். ஆனால் இரண்டுக்கு மேல் எத்தனை மொழி தெரிந்தாலும் கூடுதல் பலன் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் அம்மாவின் மாவட்டத்திலேயே, ஸ்ரீநிவாசபுரத்துக் கிராமங்களில், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வை இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. மரபணு, ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன், நினைவுத் தேர்வு அனைத்தையும் அவர்கள் சேர்த்தே பார்க்கிறார்கள். நம் மண்ணின் மக்களுக்கு எந்த மரபணு எவ்வளவு வேகத்தைத் தருகிறது என்ற உங்கள் கேள்விக்கு இப்படிப்பட்ட நெடுநாள் ஆய்வுகளால்தான் விடை சொல்ல முடியும்.

கோலார்மகள் (அல்சூர்)

தம்பியிடம் ஆலோசகர் எழுதிய பகுதியை அப்படியே படித்துக் காட்டினேன். தன்னுடைய எச்சிலில் அப்பாவைப் பற்றியும் என்னைப் பற்றியும் செய்தி இருக்கும் என்பதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை. பெட்டி வாங்குவதை நிறுத்தி வைத்திருக்கிறான். முதலில் இருவரும் சேர்ந்து ஒரு மரபணு ஆலோசகரைப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். அம்மாவுக்குக் காதுப் பரிசோதனைக்கு நேரம் வாங்கியாயிற்று. இன்னும் ஒரே ஒரு சந்தேகம்: ஆலோசகரிடம் போகும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

மரபணு ஆலோசகர், ஜெயநகர்

மூன்று தலைமுறை வம்சவரிசையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த வயதில் தொடங்கியது, முதலில் தெரிந்தது மறதியா, பேச்சுத் தடுமாற்றமா, குணமாற்றமா, எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்பதைத் தெரிந்தவரை குறியுங்கள். ஐம்பதுகளிலேயே குணம் மாறிப்போனவர் யாரேனும் இருந்தால் தவறாமல் எழுதுங்கள். முன்மூளை டிமென்ஷியாவின் மரபணுக்கள் வேறு, அங்கே பரிசோதனைக்கான காரணமும் வேறு. உறவில் நடந்த திருமணங்களை இரட்டைக் கோடு போட்டுக் காட்டுங்கள். பெரியம்மாவின் எம்.ஆர்.ஐ. அறிக்கையையும், அம்மாவின் நினைவுத் தேர்வு மதிப்பெண்களைத் தேதியோடும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர்களையும் எடுத்துச் செல்லுங்கள். அப்பாவும் விரும்பினால் அவரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.